ஹைட்ரஜன் எரிபொருள் கலங்களில் நீர் மேலாண்மையும் ஊதிக்கழித்தலும்: ஒரு வெப்பமண்டல நோக்கு

முன்னுரை

ஹைட்ரஜன் என்னும் பெயருக்கு 'நீரை உண்டாக்குவது' என்பது பொருள். பிரெஞ்சு வேதியியலார் லவாசியேயும் அவர்தம் தோழர்களும் 1787ஆம் ஆண்டில் வேதிப்பொருள்களுக்குப் புதுப்பெயர் வகுத்தபோது கிரேக்க வேர்ச்சொற்களைக் கொண்டு இப்பெயரை அமைத்தனர். தமிழில் நீரகம், நீர்வளி என ஆக்கப்பெற்ற கலைச்சொற்களும் இதே பொருளைத் தாங்கி நிற்கின்றன. பெயரளவில் நிற்கும் இவ்வுண்மையை எரிபொருள் கலம் நாள்தோறும் மெய்ப்பித்துக் காட்டுகிறது. ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனை அது பயன்படுத்தும்போது ஏறத்தாழ ஒன்பது கிலோகிராம் நீர் உண்டாகிறது.

எரிபொருள் கலத்தால் இயங்கும் ஊர்திகளைப் பற்றி எழுதும் நாளேடுகள், புகை வருவதில்லை, நீர் மட்டுமே வெளிவருகிறது என்று கூறி நிறுத்திக்கொள்கின்றன. இக்கூற்றில் பிழை இல்லை. ஆயினும் அந்நீர் வெளிவருவதற்கு முன் கலத்தினுள் என்ன செய்கிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கலத்தின் ஆற்றல், ஆயுள், பாதுகாப்பு ஆகிய மூன்றும் இவ்வினாவின் விடையைச் சார்ந்துள்ளன.

பினாங்குத் தீவில் வாழும் நமக்கு இவ்வினா தனிச் சிறப்புடையது. இங்குக் காற்று ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்தது. ஈரத்தை நாடும் ஒரு கருவி ஈரமான ஊரில் தானே செவ்வனே இயங்கும் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. இவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை எளிய கணக்கின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் மைய நோக்கமாகும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு ஈண்டு இன்றியமையாதது. கலத்தினுள் தேங்கிய நீரையும் வேண்டாத வளிமங்களையும் வளிம ஓட்டத்தால் ஊதி வெளியேற்றும் செயலை ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் 'பர்ஜ்' என்றே வழங்குகின்றனர். ஊதுதல், கழித்தல் ஆகிய இரு செயல்களும் அதனுள் அடங்குவதால் இக்கட்டுரையில் அதனை 'ஊதிக்கழித்தல்' எனக் குறிக்கிறோம். கலத்தின் இரு முனைகளையும் அவற்றிற்கு ஊட்டப்படும் வளிமத்தைக் கொண்டு 'ஹைட்ரஜன் முனை', 'காற்று முனை' என்று வழங்குகிறோம்.

கலத்தின் அமைப்பும் செயலும்

எரிபொருள் கலங்கள் பல வகைப்படும். ஊர்திகளில் பெரிதும் பயன்படுவது பல்லுறுப்புச் சவ்வைக் கொண்ட வகை. கட்டுரை முழுவதும் அவ்வகையையே கருத்தில் கொள்கிறோம். இதன் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. அதன் தடிப்பு ஒரு தாளின் தடிப்பை ஒத்தது அல்லது அதனினும் குறைவானது. சவ்வின் இருபுறமும் பிளாட்டினம் கலந்த வினையூக்கிப் படலங்களும், அவற்றின்மேல் கரியிழைத் தாள்களும், அவற்றிற்கும் அப்பால் வளிமம் ஓடும் நுண் வாய்க்கால்கள் செதுக்கப்பட்ட தகடுகளும் அமைந்துள்ளன.

ஹைட்ரஜன் முனையில் ஹைட்ரஜன் மூலக்கூறு புரோட்டான்களாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிகிறது. புரோட்டான்கள் சவ்வின் ஊடே மறுபுறம் செல்கின்றன. எலக்ட்ரான்கள் சவ்வினுள் புக இயலாமையால் வெளிச்சுற்றின் வழியே சென்று மின்னோட்டமாகப் பயன் தருகின்றன. காற்று முனையில் இவ்விரண்டும் ஆக்சிஜனோடு கூடி நீராகின்றன. ஒரு கலம் சுமையின்கீழ்த் தருவது 0.6 முதல் 0.7 வோல்ட் அளவே என்பதால், பல கலங்களை அடுக்கிக் கலத்தொகுதியாக அமைப்பது வழக்கம். இம்மின்னழுத்தத்தில் ஒரு கிலோவாட் ஆற்றலை ஒரு மணி நேரம் பெறும்போது சுமார் அரை லிட்டர் நீர் உண்டாகிறது. நூறு கிலோவாட் அளவில் இயங்கும் பேருந்துக் கலத்தொகுதி மணிக்கு ஐம்பது லிட்டர் நீரைத் தோற்றுவிக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் நீர் மேலாண்மையின் அளவு புலனாகும்.

வறட்சியும் வெள்ளமும்

உண்டாகும் நீரை உடனுக்குடன் வெளியேற்றிவிட்டால் போதாதா என்னும் ஐயம் எழலாம். போதாது என்பதே விடை. சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டான்கள் அதனூடே செல்ல இயலும். சவ்வில் பிணைந்துள்ள சல்ஃபோனிக் அமிலக் கூறுகள் நீரைச் சுற்றிலும் ஈர்த்துக்கொண்டு நுண்ணிய நீர்வழிகளை அமைக்கின்றன. நீர் குறைந்தால் இவ்வழிகள் அறுபடுகின்றன. சவ்வின் மின்தடை பன்மடங்கு பெருகுகிறது. தடையால் வெப்பமும், வெப்பத்தால் மேலும் வறட்சியும் உண்டாகின்றன. நனைந்து விரிவதும் காய்ந்து சுருங்குவதும் மாறிமாறி நிகழும்போது சவ்வில் நுண்துளைகளும் கீறல்களும் தோன்றுகின்றன.

நீர் மிகுந்தாலும் கேடே விளையும். கரியிழைத் தாளின் துளைகளிலும் வாய்க்கால்களிலும் நீர்த்துளிகள் அடைத்துக்கொண்டால் ஆக்சிஜன் வினையூக்கியை அடைய இயலாது. இதனையே கலம் வெள்ளத்தில் மூழ்குதல் என்பர். தொகுதியில் உள்ள ஒரு கலம் மூழ்கினாலும் இடர் முழுத்தொகுதியையும் சாரும். ஏனெனில் எல்லாக் கலங்களும் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரே மின்னோட்டம் அவை அனைத்தின் வழியும் பாய வேண்டும்.

நீர் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதும் இல்லை. புரோட்டான் தனித்துச் செல்வதில்லை. நிலைமைக்கேற்ப ஒவ்வொரு புரோட்டானும் ஒன்று முதல் இரண்டரை வரையிலான நீர் மூலக்கூறுகளை உடன் இழுத்துச் செல்கிறது. இதனால் ஹைட்ரஜன் முனை உலர்கிறது. காற்று முனையிலோ இழுத்து வரப்பட்ட நீரோடு புதிதாக உண்டான நீரும் சேர்கிறது. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு நீர் சவ்வின் ஊடே மீண்டும் பரவுவதால் இவ்வேற்றத்தாழ்வு ஓரளவு சமன்படுகிறது. சவ்வு மெலிந்திருக்குமாயின் இத்திரும்புகை எளிதாகும். ஆகவே ஒரே கலத்தின் ஒரு மூலை காய்ந்தும் மறு மூலை மூழ்கியும் இருத்தல் கூடும்.

தமிழக ஏரிகளின் அமைப்பு இதனை விளக்கத் துணைபுரியும். ஏரிக்கு மதகும் வேண்டும், கலிங்கும் வேண்டும். மதகு பாசனத்திற்குரிய நீரை அளவோடு விடுவது. கலிங்கு மிகைநீரைக் கரை உடையாதவாறு வெளியேற்றுவது. மதகு பழுதுற்றால் வயல் காயும். கலிங்கு தூர்ந்தால் ஏரியே அழியும். எரிபொருள் கலத்தில் ஈரமூட்டும் அமைப்பு மதகின் பணியையும் ஊதிக்கழிக்கும் அமைப்பு கலிங்கின் பணியையும் செய்கின்றன எனலாம்.

இச்சிக்கல் தொழில்நுட்பத்தின் தொடக்கக் காலத்திலேயே உணரப்பட்டது. அமெரிக்காவின் ஜெமினி 5 விண்கலம் 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சவ்வு வகை எரிபொருள் கலங்களோடு விண்ணுக்குச் சென்றது. எடையற்ற நிலையில் நீர் தானே கீழிறங்காது என்பதால் அதனைத் திரிகள் கொண்டு உறிஞ்சி எடுத்தனர். அக்காலச் சவ்வு சிதைந்து நீரில் கலந்தமையால் அந்நீர் குடிப்பதற்கு ஏற்றதாக இல்லை. பின்னர் வந்த அப்பல்லோ கலங்களில் காரவகை எரிபொருள் கலங்கள் பயன்பட்டன. அவற்றின் நீரை விண்வெளியாளர்கள் குடித்தனர். 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்துக் கலங்கள் செயலிழந்தபோது மின்சாரத்தோடு குடிநீருக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டதன் காரணம் இதுவே.

ஈரமான ஊரில் வறளும் கலம்

இனிப் பினாங்கின் காற்றிற்கு வருவோம். நண்பகலுக்கு முன் காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் எனவும் ஈரப்பதம் 80 விழுக்காடு எனவும் கொள்வோம். நம் உடலுக்கு இது புழுக்கம். கலத்திற்கு இது எத்தகையது என்பதே வினா.

ஈரப்பதத்தை விழுக்காட்டில் கூறும்போது அது வெப்பநிலையைச் சார்ந்த ஓர் ஒப்பீடு என்பதை மறந்துவிடுதல் ஆகாது. 30 பாகையில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல். அதில் 80 விழுக்காடு என்பது 3.4 கிலோபாஸ்கல். இதே காற்று 80 பாகை வெப்பமுள்ள கலத்தினுள் புகுந்தவுடன் அதன் தாங்குதிறன் 47 கிலோபாஸ்கலாக உயர்ந்துவிடுகிறது. நீராவியின் அளவோ மாறவில்லை. எனவே அதன் ஈரப்பதம் 7 விழுக்காடாகக் குறைகிறது. நம்மை வியர்வையில் நனைக்கும் அதே காற்று கலத்திற்குப் பாலைக்காற்றாக விளங்குகிறது.

இதனை மற்றொரு வகையிலும் கணக்கிடலாம். ஒரு கலம் தனக்கு வேண்டியதைப்போல் இருமடங்கு காற்றைப் பெற்று வளிமண்டல அழுத்தத்தில் இயங்குவதாகவும், உண்டாகும் நீர் அனைத்தும் அக்காற்றோடு ஆவியாக வெளியேற முயல்வதாகவும் கொள்வோம். உட்புகும் காற்று முற்றிலும் உலர்ந்ததாயின் வெளியேறும் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 19 விழுக்காடு நீராக இருக்கும். அதன் அழுத்தம் 19 கிலோபாஸ்கலுக்குச் சற்று மேல். காற்று இவ்வழுத்தத்தில் நிறைவுறும் வெப்பநிலை சுமார் 59 பாகை. கலம் இதனினும் குளிர்ந்திருந்தால் நீர் துளியாகித் தேங்கும். இதனினும் சூடாக இருந்தால் காற்று நீரை உறிஞ்சிச் சவ்வை உலர்த்தும். பொறியாளர்கள் 60 பாகையை ஓர் எல்லைக்கோடாகக் கருதுவதன் காரணம் இதுவாகும்.

உலர்ந்த காற்றிற்குப் பதிலாக மேற்கூறிய பினாங்குக் காற்றை உட்செலுத்தினால் அவ்வெல்லை எவ்வளவு நகரும்? அதே கணக்கைச் செய்தால் வெளியேறும் நீராவியின் அழுத்தம் 22 கிலோபாஸ்கலை நெருங்குகிறது. எல்லை சுமார் 62 பாகைக்கு உயர்கிறது. நம் காற்றின் ஈரம் முழுவதும் கலத்திற்கு ஈட்டித் தருவது மூன்று பாகை அளவே! அழுத்தத்தைக் கூட்டியோ காற்றோட்டத்தைக் குறைத்தோ எல்லையை மேலும் உயர்த்தலாம். ஆனால் அவற்றுள் முன்னது அமுக்கியின் மின்செலவையும் பின்னது மூழ்கும் அபாயத்தையும் கூட்டும்.

வெப்பமண்டலம் மற்றொரு வகையிலும் இடர் தருகிறது. கலத்தின் குளிர்நீர் 70 பாகையில் இருப்பதாகக் கொண்டால், 10 பாகை வெப்பமுள்ள நாட்டில் வெளிக்காற்றிற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 60 பாகை. 32 பாகை வெப்பமுள்ள இங்கு அது 38 பாகையாகச் சுருங்குகிறது. அதே வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டர் ஒன்றரை மடங்கிற்கும் மேலாகப் பணிபுரிய வேண்டும். மலையேறும்போதோ நெரிசலில் ஊரும்போதோ அது இயலாவிட்டால் கலம் மேலும் சூடேறும். சூடேறிய கலம் வறளும்.

எனினும் இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. மின்விசிறியால் காற்றூட்டப்படும் சிறு கலங்கள் 40 பாகையளவில் இயங்குவன. அவ்வெப்பநிலையில் நம் காற்றின் ஈரப்பதம் 46 விழுக்காடு. நீர் மெல்லவே ஆவியாகும். ஆகவே சிறு கலங்கள் இங்கு மூழ்கும் தன்மையுடையன. பெருங்கலங்களோ வறளும் தன்மையுடையன. 'நம் நாடு ஈரமானது' என்னும் பொதுவுரை இரண்டிற்குமே வழிகாட்டாது. கலத்தின் வெப்பநிலையில் கணக்கிடப்பட்ட ஈரமே வழிகாட்டும்.

ஈரத்தைக் காக்கும் வழிகள்

கலத்திற்கு ஈரமூட்டும் முறைகளுள் பரவலானது, வெளியேறும் ஈரக்காற்றின் நீரை உட்புகும் உலர்காற்றிற்கு மாற்றித் தருவதாகும். நீராவியை மட்டும் கடத்தும் சவ்வுக் குழல்களின் ஒருபுறம் ஒன்றும் மறுபுறம் மற்றொன்றும் பாய்கின்றன. வயலில் வடிந்த நீரையே மீண்டும் தலைவாய்க்காலுக்குக் கொண்டுவருவது போன்றது இம்முறை.

ஈரமூட்டியே இல்லாமல் இயங்கும் வகையும் உண்டு. டொயோட்டா நிறுவனம் 2014ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் மகிழுந்தில் வெளி ஈரமூட்டி நீக்கப்பட்டது. மெல்லிய சவ்வின் வழி நீர் ஹைட்ரஜன் முனைக்குத் திரும்புகிறது. அங்குச் சுழலும் ஹைட்ரஜன் அந்நீரைக் கலத்தின் வறண்ட பகுதிக்குக் கொண்டுசேர்க்கிறது.

வெள்ளத்தைத் தடுக்கும் பணியைக் கரியிழைத் தாள் மேற்கொள்கிறது. நீரொட்டாத டெஃப்லான் அதில் பூசப்படுகிறது. சேம்பிலையில் நீர் ஒட்டாது உருள்வதுபோல் துளிகள் தாளில் ஊறாமல் வாய்க்காலுக்கு நகர்கின்றன. வாய்க்கால்களின் வடிவமும் முக்கியமானது. ஒரே நீண்ட வாய்க்கால் வளைந்து வளைந்து செல்லுமாயின் அழுத்தம் துளியைத் தள்ளிச் செல்லும். ஆனால் அவ்வழுத்தத்தை உண்டாக்க மின்சாரம் செலவாகும். பல வாய்க்கால்கள் இணையாகச் சென்றால் அச்செலவு குறையும். எனினும் ஒன்று அடைபட்டால் வளிமம் மற்றவற்றின் வழியே சென்றுவிடுவதால் அடைப்பு நீங்காது.

இவ்விடத்தில் நம் வாசகர் அறிந்திருக்க வேண்டிய பெயர் சுப்பிரமணியம் சீனிவாசன் என்பதாகும். அக்காலச் சிலோன் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், போக்ரிஸ் என்னும் அறிஞருடன் இணைந்து எரிபொருள் கலங்களின் மின்வேதியியல் பற்றிய நூலை 1969ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1980களில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் இவரும் இவர்தம் உடனாய்வாளர்களும் செய்த பணி பிளாட்டினத்தின் தேவையைப் பத்தில் ஒரு பங்காக, சதுரச் சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராமிலிருந்து 0.4 மில்லிகிராமாகக் குறைத்தது. சவ்வின் மூலப்பொருளையே கரைசலாக்கி வினையூக்கிப் படலத்தினுள் ஊட்டியமை இதன் அடிப்படை. கலத்தின் விலை குறைய இஃது வழிவகுத்தது. அதே வேளையில், குறைந்த பிளாட்டினம் முழுதும் பயன்பட வேண்டுமாயின் அதன் ஒவ்வொரு துகளையும் வளிமமும் புரோட்டானும் ஒருங்கே அடைய வேண்டும். நீரின் அளவைப் பேணுதல் முன்னினும் நுட்பமான பணியாயிற்று.

ஊதிக்கழித்தல்: ஏன், எப்போது, எவ்வளவு

ஹைட்ரஜன் விலைமிக்கது. அதனை வீணாக்காதிருக்க, ஹைட்ரஜன் முனையின் வெளிவாயிலை மூடிவைத்து, செலவாகும் அளவிற்கு மட்டும் புது ஹைட்ரஜனை ஊட்டுவது ஒரு முறை. தூய ஹைட்ரஜன் மட்டுமே உள்ளே இருக்குமாயின் இவ்வாயிலைத் திறக்கவே வேண்டியதில்லை. ஆனால் அவ்வாறு அமைவதில்லை. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அது சவ்வின் ஊடே மெல்லமெல்லக் கசிந்து ஹைட்ரஜன் முனையை அடைகிறது. திரும்பிப் பரவும் நீரும் அங்கு வந்து சேர்கிறது. இரண்டும் செலவாவதில்லை. எனவே வாய்க்காலின் கடைக்கோடியில் குவிகின்றன. அக்கோடியில் ஹைட்ரஜன் இல்லாமற்போகிறது. கலத்தின் மின்னழுத்தம் படிப்படியாகச் சரிகிறது.

இந்நிலையில் வால்வு ஒன்று நொடிப்பொழுது திறக்கிறது. உள்ளழுத்தத்தால் நைட்ரஜனும் நீர்த்துளிகளும் வெளியே வீசப்படுகின்றன. மின்னழுத்தம் உடனே மீள்கிறது. அமைப்பிற்கேற்ப இது சில நொடிகளுக்கு ஒருமுறையோ சில நிமிடங்களுக்கு ஒருமுறையோ நிகழும். பெரிய ஊர்திகளில் வளிமத்தைச் சுழற்சி இறைப்பி கொண்டு மீண்டும் மீண்டும் சுழலவிடுவதால் நீர் ஓரிடத்தில் தேங்குவது குறைகிறது. எனினும் நைட்ரஜன் சேர்வதைச் சுழற்சியால் நீக்க இயலாது. ஆகவே அங்கும் ஊதிக்கழித்தல் தேவைப்படுகிறது.

ஊதிக்கழித்தலைக் குறைத்துக்கொண்டால் என்ன? கோடியில் ஹைட்ரஜன் அற்ற பகுதிக்கு நேரெதிரே உள்ள காற்று முனையின் மின்னழுத்தம் இயல்பை மீறி உயர்கிறது. அந்நிலையில் பிளாட்டினத்தைத் தாங்கும் கரி நீரோடு வினைபுரிந்து கரியமில வளிமமாகிக் கரைந்தொழிகிறது. தாங்கிய கரி போனபின் பிளாட்டினத் துகள்கள் பிரிந்தும் திரண்டும் பயனிழக்கின்றன. இக்கேடு மீளாதது. மின்னழுத்தமானியில் சிறு சரிவாகத் தோன்றுவது கலத்தின் ஆயுளைக் குறைக்கும் நோயாக இருத்தல் கூடும்.

மிகுத்துக்கொண்டால் என்ன? நாளொன்றுக்கு 20 கிலோகிராம் ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் ஒரு பேருந்தை எடுத்துக்கொள்வோம். ஊதிக்கழித்தலில் 1 விழுக்காடு வீணானால் இழப்பு 200 கிராம். 5 விழுக்காடு வீணானால் ஒரு கிலோகிராம். மின்சாரத்தைச் செலவிட்டு நீரைப் பகுத்துப் பெற்ற ஹைட்ரஜன் அது. மேலும் மிகையான ஓட்டம் ஹைட்ரஜன் முனையின் ஈரத்தையும் உடன் கொண்டுசென்று சவ்வை உலர்த்தும்.

பாதுகாப்பும் இதில் அடங்கும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு முதல் 75 விழுக்காடு வரை இருப்பின் தீப்பற்றும். தீப்பற்றத் தேவையான பொறியும் மிகச் சிறிது. ஆதலால் கழிக்கப்படும் வளிமத்தை அப்படியே அறையினுள் விடுதல் கூடாது. காற்று முனையிலிருந்து வெளியேறும் பெருங்காற்றோடு கலந்து செறிவைக் குறைத்தே வெளிவிட வேண்டும். ஹைட்ரஜன் இலேசானது என்பதால் மேலெழுந்து கூரையின் அடியில் தங்கும். மூடிய ஊர்திக் கொட்டகைகளில் கூரையருகே காற்றுவழி அமைத்தல் இன்றியமையாதது.

நிறுத்தமும் தொடக்கமும்

கலத்தை நிறுத்தும் வேளையிலும் ஊதிக்கழித்தல் தேவைப்படுகிறது. குளிர்நாடுகளில் இதன் நோக்கம் தெளிவானது. உள்ளே தங்கிய நீர் இரவில் உறைந்து விரிந்தால் படலங்களைச் சிதைக்கும், வழிகளை அடைக்கும். மிராய் மகிழுந்தில் ஓட்டுநர் விரும்பியபோது நீரை வெளியேற்ற 'எச்-டூ-ஓ' என்னும் பொத்தானே வைக்கப்பட்டது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டு நிறுவனத்தின் ஹைட்ரஜன் பேருந்து, இந்தியத் தேசிய அனல்மின் கழகத்தின் திட்டத்திற்காக 2023ஆம் ஆண்டில் லடாக்கின் லே நகரை அடைந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இருபங்கே. அழுத்தம் குறைய நீர் எளிதில் ஆவியாகும். குளிர்காலத்திலோ நீர் உறையும். பகலில் வறட்சி, இரவில் உறைவு என இரு முனைகளும் ஒரே ஊரில் அமைந்துள்ளன.

பினாங்கில் நீர் உறைவதில்லை. அதனால் நிறுத்தும்போது ஊதிக்கழிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தல் தவறாகும். 70 பாகையில் நிறைவுற்றிருந்த நீராவியின் அழுத்தம் 31 கிலோபாஸ்கல். கலம் இரவில் 28 பாகைக்குக் குளிரும்போது அது 4 கிலோபாஸ்கலுக்கும் கீழே இறங்குகிறது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு ஆவி துளிகளாகிறது. காலையில் ஊர்தியைக் கிளப்பும்போது வாய்க்கால்கள் நீரால் அடைபட்டிருக்கும். ஆவி சுருங்கியதால் உள்ளே அழுத்தம் தாழ்ந்து வெளிக்காற்றும் கசிந்து புகும். ஹைட்ரஜன் முனையில் காற்று நிறைந்திருக்கும் நிலையில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரண்டும் சந்திக்கும் முகப்பு நகரும் சிறுபொழுதில், முன்னர்க் கூறிய கரியழிவே மிகுதியாக நிகழும். ஆதலால் நிறுத்தும்போது அளவோடு உலர்த்துதலும், தொடங்கும்போது காற்றை விரைந்து கழித்தலும் வெப்பமண்டலத்திற்கும் உரியனவே. வேறுபாடு உலர்த்தும் அளவில்தான் உள்ளது. உறைவை அஞ்சி முற்றிலும் உலர்த்தும் குளிர்நாட்டு முறையை இங்கு அப்படியே பின்பற்றினால் மறுநாள் காலையில் வறண்ட சவ்வோடு தொடங்க நேரிடும்.

தீவிற்கே உரிய மற்றொரு கூறு கடற்காற்று. அதிலுள்ள உப்பின் சோடியம் அயனிகள் சவ்வில் புரோட்டான்களின் இடத்தைப் பற்றிக்கொள்கின்றன. குளோரைடு பிளாட்டினத்தைத் தாக்குகிறது. புகைமூட்டக் காலங்களில் காற்றில் மிகும் கந்தக வளிமங்களும் பிளாட்டினத்தின்மேல் படிகின்றன. இவற்றை ஊதிக்கழித்து அகற்ற இயலாது. தக்க வடிகட்டிகளால் வாயிலிலேயே தடுக்க வேண்டும்.

நம் வட்டாரத்து முயற்சிகள்

இவையாவும் எட்டாத எதிர்காலத்திற்குரியன அல்ல. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டில் பாங்கியில் எரிபொருள் கல ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. சரவாக் மாநிலத்தின் கூச்சிங்கில் 2019ஆம் ஆண்டில் ஹைட்ரஜன் உற்பத்தி நிலையமும் ஹைட்ரஜன் பேருந்துகளும் அறிமுகம் கண்டன. மலேசிய அரசு ஹைட்ரஜன் பொருளாதாரத்திற்கான வழித்திட்டத்தை 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்டது.

தமிழகத்திலும் இத்துறை வேரூன்றியுள்ளது. பினாங்கிலும் வணிகம் நடத்திய நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்தமையால் காரைக்குடியில் 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், இத்துறைக்கு அடித்தளமான மின்வேதியியலை வளர்த்து வருகிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் எரிபொருள் கலத் தொழில்நுட்ப மையம் ஒன்று இயங்குகிறது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான ஹைட்ரஜன் எரிபொருள் கலப் படகு, 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தூத்துக்குடியில் நிகழ்ந்த விழாவில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, பெரம்பூரில் உள்ள இரயில்பெட்டித் தொழிலகத்தில் ஹைட்ரஜனால் இயங்கும் இரயில்பெட்டி 2025ஆம் ஆண்டு சூலையில் வெள்ளோட்டம் கண்டது.

கூச்சிங், சென்னை, தூத்துக்குடி ஆகிய மூன்றும் வெப்பமும் ஈரமும் உடைய ஊர்கள். ஆனால் உலகில் விற்பனையாகும் கலத்தொகுதிகளின் இயக்கவிதிகள் பெரும்பாலும் ஜப்பான், ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனம் ஆகியவற்றின் பருவங்களை முன்னிட்டு அமைந்தவை. கருவியோடு அவ்விதிகளையும் மாற்றமின்றி இறக்குமதி செய்வோமாயின், குறைந்த ஆயுளும் மிகுந்த செலவும் நம் பங்காகும். பின்னர் தொழில்நுட்பமே பயனற்றது என்னும் முடிவிற்கும் வந்துவிடுவோம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வெளிக்காற்றின் ஈரம் கலத்தின் ஈரமாகாது. பினாங்கின் காற்று கலத்தின் நீரெல்லையை மூன்று பாகையளவே உயர்த்துகிறது. எனவே பெருங்கலங்களுக்கு ஈரமூட்டலும் குளிர்வித்தலும் இங்குத் தனிக் கவனத்திற்குரியன. இரண்டாவது, ஊதிக்கழித்தலைக் கடிகாரத்தை மட்டும் நம்பி நிகழ்த்துவதினும் ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் மின்னோட்டத்தின் அளவையும் நோக்கி நிகழ்த்துவதே பொருத்தமானது. குறைந்த சுமையில் நெடுநேரம் இயங்கிக் குளிர்ந்த கலத்திற்கும் மலையேறிச் சூடான கலத்திற்கும் ஒரே கால இடைவெளி பொருந்தாது. மூன்றாவது, நிறுத்தும் வேளையில் எவ்வளவு உலர்த்துவது என்பதை உறைவின் அடிப்படையில் அல்லாது, இரவில் துளியாகும் நீரின் அடிப்படையில் வகுத்தல் வேண்டும்.

இவற்றை வகுக்கத் தேவையானவை வெப்பமானி, ஈரமானி, மின்னழுத்தப் பதிவு, பொறுமையான பல மாத அளவீடு ஆகியனவே. நம் பல்கலைக்கழகங்களுக்கும் தொழிற்பயிற்சிக் கூடங்களுக்கும் இவை எட்டாதவை அல்ல. கலத்தொகுதியை நாம் வெளியிலிருந்து பெறலாம். அதனை இவ்வூரின் காற்றில் எவ்வாறு இயக்குவது என்னும் அறிவை இவ்வூரில்தான் ஈட்டவேண்டும்.